எம்எல்ஏவின் மனைவிக்கு ஒரு பட்டுப்புடவை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அதுவும் தற்செயலாக ஆனவன் இல்லை. திட்டம் போட்டு, ஆள் வைத்துத் தேடி, கூரியரில் வரவழைத்து முட்டாளானவன். அமெரிக்காவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியும் என் தொகுதி எம்எல்ஏவுக்கு மனைவி கிடையாது என்று தெரியாமல், அந்த இல்லாத அம்மாளுக்கு தி. நகரிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டுப்புடவை ஒன்றைத் தருவித்தேன்.

இந்தக் குறிப்பில் மற்றவர்கள் பெயரையெல்லாம் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மட்டும் மாற்றவில்லை. இவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கு உரிமையாளர் பெயர் சரியாக இருக்க வேண்டும். சபாபதி, மண்டைவெளி.

நாங்கள் இருப்பது பாலைவன மாநிலம். காலையில் காரை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு மெக்சிகோ எல்லைக்குப் போய்விடலாம். இங்கே ஒரு தமிழ்ச் சங்கம் உண்டு. அதற்கு விழாச் செயலாளர் நான். எப்படி ஆனேன் என்றால், செயலாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. போனவர்கள் எல்லாரும் விவரமானவர்கள்.

இந்த வருடப் பொங்கல் விழாவுக்கு எம்எல்ஏவைக் கூப்பிடலாம் என்று ஆரம்பித்தது நான்தான். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் என்றால் நம் ஊர் எம்எல்ஏ மாதிரிதான், கார் வரிசை மட்டும் கிடையாது. பெயர் எலாதியோ. அப்பா அம்மா மெக்சிகோவிலிருந்து பழத்தோட்ட வேலைக்கு வந்தவர்கள். மயிலாப்பூர் வட்டாரத்தில் வளர்ந்தவன் ஒரு பெரிய மனிதரைச் சும்மா கூப்பிடுவானா? தம்பதியாக மேடையேற்றி, ஐயாவுக்குப் பொன்னாடை, அம்மாவுக்குப் புடவை, தட்டில் குங்குமம், வெற்றிலை பாக்கு, கண்ணாடி வளையல், பூ என்று வைத்துக் கொடுப்பதுதான் நான் பார்த்து வளர்ந்த மரியாதை. மாட வீதி சபாவாகட்டும், என் அப்பா டைம் கீப்பராக இருந்த பஸ் டெப்போவின் தொழிற்சங்க ஆண்டு விழாவாகட்டும், தட்டு ஒரே தட்டுதான்.

விழாவன்று வாசலில் எலாதியோவுடன் இன்னொருவரும் வந்து இறங்கினார். உயரமானவர், டை கட்டியிருந்தார், கையில் ஒரு கேக் டப்பா. பி.ஏ. என்று முடிவு கட்டினேன். "சார், நீங்க இப்படி உட்காருங்க. மேடம் வந்தா பக்கத்துல இடம் பிடிச்சு வைங்க" என்று பொறுப்பையும் ஒப்படைத்தேன். அவர் பக்கத்து நாற்காலியில் கேக் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு மைக்கைப் பிடித்தேன். "எம்எல்ஏ அவர்களையும் அவருடைய துணைவியாரையும் மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்." தமிழில் ஒரு தடவை சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். மரியாதை குறைந்துவிடப் போகிறதே என்று ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது வரிசையில் என் மகள் யாழினி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அப்பாவின் ஆங்கிலம் அவ்வளவு மோசமா என்றுதான் அப்போது நினைத்தேன்.

எலாதியோ மேடையேறி, மைக் பக்கம் குனிந்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: "அழைச்சதுக்கு ரொம்ப நன்றி. எனக்கு மனைவி இல்லை, கணவர் இருக்கார். மார்ட்டின், மேலே வா. கேக்கை யாராவது பார்த்துக்குவாங்க."

கேக் டப்பாக்காரர் எழுந்து வந்தார்.

அரங்கில் சர்க்கரைப் பொங்கல் ஆறும் சத்தம் கேட்டது. என் கையில் தட்டு, தட்டில் புடவை. மேடை அலங்காரத்துக்கு வைத்திருந்த கரும்புக் கட்டுக்குப் பின்னால் புடவையைச் செருகினேன். எலாதியோவுக்குப் பொன்னாடை போர்த்தினேன். அடுத்து மார்ட்டின். தட்டில் மிச்சமிருந்தது ஒரு டஜன் வளையலும் பூவும்தான். கை குலுக்கினேன். அவர் வெறுங்கையோடு ஒரு நிமிடம் மேடையில் நின்றார். பிறகு, பொன்னாடையோடு நின்ற தன் கணவரைப் பார்த்துக் கைதட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் யாழினி ஆரம்பித்தாள்.

"அப்பா, ஊருக்கே தெரியும். எலெக்‌ஷன் நோட்டீஸ்ல ரெண்டு பேர் போட்டோவும் இருக்கு."

"பார்த்தேனே. டை கட்டினதும் ஆள் அடையாளம் தெரியலை. போட்டோல அண்ணன் தம்பின்னு நினைச்சேன்."

"தோள்ல கை போட்டுட்டு நிக்கறாங்கப்பா."

"அண்ணன் தம்பி தோள்ல கை போடக் கூடாதா?"

"நீயும் சித்தப்பாவும் என்னிக்காவது போட்டிருக்கீங்களா?"

எதிரே சிவப்பு விளக்கு. நல்ல வேளை, பிரேக்கை மிதிக்கும் வேலை கிடைத்தது.

2

இத்தனைக்கும் அந்த மனிதரை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும்.

எங்கள் வீட்டுத் துவைக்கும் இயந்திரம் மண்டையைப் போட்ட ஒரு சனிக்கிழமை, மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் சலவை நிலையத்துக்குப் போனேன். காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் இடம். வாசலருகே ஒரு மடக்கு மேசை, மடக்கு நாற்காலி, அதில் ஒருவர். கடை ஆள் என்று நினைத்து, "இதுல எந்த மெஷின் நல்லா பிழியும்?" என்று கேட்டேன். அவர் யோசித்து, "ஏழாம் நம்பர். ஆனா போர்வை போடாதீங்க, ஆடும்" என்றார். துணியைப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் மேசை மேல் இருந்த அட்டையைப் படித்தேன். சட்டமன்ற உறுப்பினர், சனிக்கிழமை காலை, யார் வேண்டுமானாலும் வரலாம்.

ஊரில் கவுன்சிலரின் மச்சானைப் பார்க்கவே அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் போவார். நான் அழுக்கு மூட்டையோடு எம்எல்ஏவிடம் ஆலோசனை கேட்டிருந்தேன்.

அந்தச் சலவை நிலையம் எலாதியோவின் அம்மாவுடையது. பள்ளிக்கூட நாட்களில் ஓடும் இயந்திரத்தின் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதியவர் அவர். "அதனாலதான் என் கையெழுத்து இப்படி" என்று காட்டினார். கையெழுத்து நிஜமாகவே மோசம். பிறகு பத்து வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். பஸ் ஓட்டிக்கொண்டே மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தார். டெப்போக்காரர் மகனான எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது. டிரைவர் வக்கீலாகி எம்எல்ஏ ஆன கதையைக் கேட்டால் எங்கள் அப்பா அன்றைக்கு யாருக்கும் லேட் மார்க் போட்டிருக்க மாட்டார்.

நானும் என் குறையைச் சொன்னேன். இங்கே குடும்பப் பெயர் இல்லாதவனை மனிதனாகவே சேர்ப்பதில்லை. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் எங்கள் அப்பா பெயரை என் பெயராக்கிவிட்டார்கள். உரிமத்தில் நான் கோதண்டம். ஒரு தடவை வேகமாகப் போனதற்குக் காவலர் நிறுத்தி, "மிஸ்டர் கோதண்டம், தப்பு பண்ணிட்டீங்க" என்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோதண்டத்திடம் அப்படிப் பேசிய முதல் ஆள் அவர். நான் அந்த அலுவலகத்துக்கு ஏழு தடவை போய்விட்டேன், ஏழு வெவ்வேறு விண்ணப்பம்.

எலாதியோ நோட்டை எடுத்து, "சரி, உங்க பெயர் என்ன? பேப்பர்ல இருக்கிறது வேண்டாம். உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்றார். இருபது வருடத்தில் ஒரு அரசாங்க ஆள் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. இரண்டு மாதத்தில் உரிமத்தில் சபாபதி ஆனேன்.

அவரைப் பற்றி மீதி விவரமெல்லாம் பொங்கல் விழா அவமானத்துக்குப் பிறகு யாழினியிடம் பாடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அவள் அவருடைய தேர்தல் வேலைக்கு இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினால் தலைவலி வரும் பெண், வீடு வீடாகப் போய் ஸ்பானிஷில் ஓட்டுக் கேட்கிறாள்.

எலாதியோ தன்பால் ஈர்ப்புள்ளவர். அதை முதல் தேர்தலிலேயே மேடையில் சொல்லிவிட்டுத்தான் நின்றார். தோற்றார். அவர் அம்மா போகும் தேவாலயத்துப் பெண்கள் ஒரு வருடம் அந்த அம்மாளோடு பேசவில்லை. ஆனால் துணி மட்டும் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தேர்தலில் எதிர்த்தரப்பார் அவருடைய கல்யாணப் புகைப்படத்தை நோட்டீஸாக அடித்து, 'உங்கள் குழந்தைகளின் பஸ்ஸை ஓட்டியவர் இவர்தான்' என்று வீட்டுக்கு வீடு போட்டார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? அதே நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "ஆமாம், நான்தான் ஓட்டினேன். படத்துல போட்டிருக்கிற கோட்டு வாடகைக் கோட்டு. அதை விடுங்க, உங்க தெருவுல மழைத்தண்ணி நிக்குதாமே?" என்று ஆரம்பித்தார்.

அப்போதும் தோற்றார். மூன்றாம் தடவை ஜெயித்தார். அதற்குள் அவர் பஸ்ஸில் போன பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை தோற்கவில்லை. அந்த நோட்டீஸ் அவர் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, பஸ் ஓட்டுநர் உரிமத்துக்குப் பக்கத்தில்.

ஏன் முதலிலேயே சொன்னீர்கள், ஜெயித்த பிறகு சொல்லியிருக்கலாமே என்று யாழினி ஒருமுறை கேட்டாளாம். "நம்ம சட்டமன்றம் பகுதி நேர வேலை. மறைக்கிறது முழு நேர வேலை. ரெண்டையும் பார்க்க எனக்கு நேரமில்லை" என்றாராம்.

3

இப்போது என் தம்பிக்கு வருகிறேன். அவனிடம்தான் என் முட்டாள்தனத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

குமரனுக்கு லஸ் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை. நாற்பத்தாறு வயது. எங்கள் பழைய மண்டைவெளி வீட்டில்தான் இருந்தான். அவனோடு பதினேழு வருடமாகச் செல்வம் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேட்டிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். உறவுக்காரர்கள் எல்லாரும் அவரை 'குமரன் ப்ரெண்டு' என்போம். பதினேழு வருடமாக ஒரே ப்ரெண்டு, ஒரே வீடு, ஒரே சமையல். எம்எல்ஏ நோட்டீஸில் அண்ணன் தம்பியைப் பார்த்த அதே கண்தான் எனக்கு இங்கேயும்.

அது மட்டுமா? ஒவ்வொரு தை மாதமும் குமரனுக்கு ஒரு வரன் அனுப்புவேன். பெண்ணின் போட்டோ, ஜாதகம், அதற்குக் கீழே என் சொந்தச் சரக்காக ஒரு ஜோக். 'முடி கொட்டுறதுக்கு முன்னால முடிச்சிடலாம்டா' என்கிற ரகம். அவன் கட்டைவிரல் படம் ஒன்று போடுவான். ஒரு தம்பியின் வாழ்க்கையில் அண்ணன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியில் அடுத்த தை வரை தூங்குவேன்.

அந்தப் பட்டுப்புடவையைத் தேடி எடுத்து அனுப்பியது செல்வம்தான். தன் பிரிவு இல்லையென்றாலும், விடுமுறை நாளில் கடைக்குப் போய், புடவைக்காரர்களைக் கெஞ்சி, எட்டுப் புடவை போட்டோ அனுப்பினார். "அண்ணாச்சி, எம்எல்ஏ வீட்டம்மா மாநிறமா, சிவப்பா? அதுக்குத் தக்க எடுக்கணும்லா?" என்று கேட்டார். நான் மாநிறம் என்று அடித்துவிட்டேன். மார்ட்டின் மாநிறம்தான், அந்தவரைக்கும் சரி.

விழா முடிந்த மறுநாள் குமரன் கூப்பிட்டான்.

"ண்ணா, பொடவை எப்டி? அந்தம்மாவுக்குப் புடிச்சிச்சா? செல்வம் காத்தாலேர்ந்து கேட்டுக்கினே கீறான்."

"அந்தம்மாவே இல்லடா! எம்எல்ஏவுக்குப் பொண்டாட்டி கிடையாது, புருஷன்! நான் பாட்டுக்கு மைக்ல..." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கேக் டப்பா, கரும்பு, யாழினி முகம், எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன்.

"அப்பால?"

"அப்பால இன்னா? பொடவையைக் கரும்புக்குப் பின்னால சொருவிட்டேன்."

"அந்தப் புருஷனுக்கு இன்னா குடுத்தே?"

"கை குடுத்தேன்."

"ஒண்ணுமே குடுக்கலியா? மேடைல கூப்ட்டு நிக்க வெச்சு?"

"இன்னாத்தடா குடுக்கச் சொல்றே? வளையலா?"

அந்தப் பக்கம் கடைக்கு வெளியே ஆட்டோ ஹாரன் கேட்டது. இன்னொரு ஆட்டோ. நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"கடைக்கு ஆள் வந்துட்டாங்க. வெச்சிட்றேன்" என்றான்.

மாசி போயிற்று. பங்குனி பாதி போயிற்று. என் செய்திகளுக்கு இரண்டு நீலக் கோடு விழும், பதில் விழாது. கட்டைவிரல்கூட இல்லை. கடையில் வேலை அதிகம் போல என்று மனைவியிடம் சொன்னேன். மயிலாப்பூரில் திடீரென்று எல்லாருக்கும் கண் தெரியாமல் போய்விட்டது என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன்.

4

பங்குனியில் யாழினி என்னைச் சட்டமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். எலாதியோவின் மசோதா அன்று ஓட்டுக்கு வந்தது. மிகச் சின்ன மசோதா. ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் சேரும்போது கொடுக்கும் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்? நோயாளி ஒரு பெயரை எழுதுவார். அந்த ஆளை உள்ளே விட வேண்டும். என்ன உறவு என்று கேட்கக் கூடாது. அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காக அவர் முந்தைய இரண்டு கூட்டத்தொடர்களிலும் போராடித் தோற்றிருந்தார்.

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். எலாதியோ எழுந்தார். நான் மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்தவன், குரல் எப்போது ஏறும் என்று காத்திருந்தேன். ஏறவேயில்லை. சலவை நிலையத்தில் ஏழாம் நம்பர் இயந்திரத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில் ஒரு பழத்தோட்டத் தொழிலாளியைப் பற்றிச் சொன்னார். அவரோடு பதினோரு வருடம் ஒரே அறையில் இருந்து சமைத்துப் போட்டவர், அவர் சாகும்போது இரண்டு நாள் வராந்தாவில் நின்றாராம். உறவுக் கட்டத்தில் எழுத அவரிடம் ஒன்றுமில்லை.

எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். பண்ணைக்காரர், பெரிய தொப்பி, மனைவி இறந்தவர் என்று யாழினி காதில் சொன்னாள். "உறுப்பினர் தனக்காகக் கொண்டுவர்ற மசோதாதானே இது?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

எலாதியோ, "இல்லை ஐயா. எனக்குக் கல்யாணச் சான்றிதழ் இருக்கு, என் கணவரை யாரும் தடுக்க முடியாது. இது உங்களுக்கு வேணும். தினம் காலையில உங்க கூட காபி குடிக்கிற பக்கத்துப் பண்ணைக்காரரைக் கூப்பிடணும்னு உங்களுக்குத் தோணினா, இப்போ இருக்கிற படிவத்துல இடமில்லை" என்றார்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு உட்கார்ந்தார். ஓட்டெடுப்பில் ஆதரவாகப் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் போட்டார்கள். மசோதா நிறைவேறியது. நான் எழுந்து கைதட்டினேன். மாடத்தில் கைதட்டக் கூடாது என்று காவலர் வந்து சொன்னார். உட்கார்ந்தேன். ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று உட்காரவில்லை.

ஆறு வருடம் முன்னால் அம்மா ராயப்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். என் குடியேற்றக் காகிதங்கள் அப்போது ஏதோ ஓர் அலுவலகத்தின் மேசையில் கிடந்தன. நாட்டை விட்டுப் போனால் திரும்ப வர முடியாது என்றார்கள். நான் போகவில்லை. காகிதம் வந்து நான் சென்னையில் இறங்கியபோது பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது குமரன் ஆஸ்பத்திரிக் கோப்பை என்னிடம் கொடுத்தான். புரட்டினேன். சேர்க்கைப் படிவம். 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து குமரனுடையது இல்லை. செல்வத்தினுடையது. குமரன் ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருந்தபோது, சொந்தக்காரர்தான் உள்ளே போகலாம் என்றார்களாம். அவர் பேனாவை எடுத்து எழுதிவிட்டு உள்ளே போயிருக்கிறார்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன்? ஜோக் அடித்தேன். "இன்னாடா இது, எங்கம்மாவுக்கு எனக்குத் தெரியாம மூணாவது புள்ளையா?" குமரன் கோப்பை என் கையிலிருந்து வாங்கி மூடினான். செல்வம் என் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். "சாப்பிடுங்க அண்ணாச்சி, ஆறிரும்" என்றார்.

அமெரிக்காவில் ஒரு சட்டமன்ற மாடத்தில், காவலர் முறைத்துக்கொண்டிருக்கும்போது, அந்தச் சாம்பார் எனக்கு இறங்கவில்லை.

"அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள் யாழினி.

"சித்தப்பாவுக்கு இந்த வருஷமும் வரன் அனுப்பினேன்" என்றேன்.

"ஐயோ, அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மண்டைவெளியை மொத்தமாக நாலு தடவை பார்த்த பெண்ணுக்கு.

5

அடுத்த சனிக்கிழமை சலவை நிலையத்துக்குப் போனேன். இந்தத் தடவை அழுக்கு மூட்டை இல்லை. ஒரு பையில் அந்தப் புடவை, இன்னொரு பையில் ஒரு பொன்னாடை.

எலாதியோ நோட்டைத் திறந்தார். "என்ன புகார்?"

சொன்னேன். விழா, கரும்பு, தொலைபேசிச் சிரிப்பு, தம்பி, செல்வம், படிவம். முழுவதும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"உங்க தம்பி என் தொகுதியில இல்லையே."

"தெரியும்."

"பதினேழு வருஷத்துல அவர்கிட்ட நீங்க என்னதான் கேட்டீங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். "ஜாதகம்" என்றேன்.

அது என்ன என்று விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அவர் நோட்டில் அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார். வேறு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் தெருவிளக்குப் புகாரோடு நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு அதுவும் அதே அளவு முக்கியம். இந்த மனிதரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று நினைக்கிறேன். தன்னை ஒரு உதாரணமாக யாருக்கும் தூக்கிக் காட்டமாட்டார். அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

உள்ளே மார்ட்டின் தன் மாமியாரோடு சேர்ந்து படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் பொன்னாடையை வெளியே எடுத்தேன். எடுத்த பிறகுதான் பேச்சு எதுவும் தயாரிக்கவில்லை என்று தெரிந்தது. மைக் இல்லாமல் எனக்கு மரியாதை செய்து பழக்கமில்லை.

"அன்னிக்கு உங்களை மேடையில வெறுங்கையோட நிக்க வெச்சிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

மார்ட்டின் விரிப்பைக் கீழே வைத்தார். "நான்தான் மேடத்துக்கு இடம் பிடிச்சு வெச்சேனே" என்றார். பிறகு குனிந்தார். அவ்வளவு உயரமானவர் குனிந்தால்தான் எனக்கு எட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழாம் நம்பர் இயந்திரம் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்க, அதன் முன்னால் பொன்னாடை போர்த்தினேன். தெருவிளக்கு அம்மாள் கைதட்டினாள்.

புடவையை எலாதியோவின் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கரையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வேட்டி எடுக்கும்போது செல்வம் அப்படித்தான் தேய்த்துப் பார்ப்பார். இப்போது அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நாலாக மடித்துச் சால்வையாகத் தோளில் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறார். ஒரு வருடம் பேசாமல் இருந்த பெண்கள் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்களாம்.

மிச்சமிருந்தது என் தம்பி.

6

சித்திரை கடைசியில், எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு அழைப்பிதழ் வந்து விழுந்தது. கோட்டூர்புரத்தில் ஆற்றோரம், இரண்டாவது மாடி, சொந்த வீடு. வைகாசியில் பால் காய்ச்சுகிறார்கள். கீழே இரண்டு பெயர், ஒரே அளவு எழுத்தில்: குமரன், செல்வம்.

குழுவில் முதலில் ஒருவர் கைகூப்பினார். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கைகூப்பினார்கள். நங்கநல்லூர் அத்தை மட்டும், "டிபனா சாப்பாடா?" என்று கேட்டாள். குமரன், "சாப்பாடு அத்தே" என்று போட்டான். எங்கள் குடும்பத்தில் தைரியசாலி அத்தைதான்.

என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. குழுவில் போடுவது ஊருக்கு. கூடப் பிறந்தவனுக்குப் போன் போட்டு, "வந்துடுண்ணா" என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். குளிக்கப் போகும்போதும் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனேன். ஓட்டுநர் உரிம அலுவலகத்திலிருந்து ஒரு தடவை கூப்பிட்டார்கள், சேவையில் திருப்தியா என்று.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டில் பால் பொங்கும்போது அந்த வீட்டுக்காரர்கள் உடுத்தியிருக்கும் துணி, வீட்டின் மூத்தவர் எடுத்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குப் புடவை. அப்பா இருந்தவரை அவர் எடுத்தார். அவருக்குப் பிறகு அம்மா. இப்போது அது நான். துணி எடுத்துக்கொண்டு வா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மூத்தவனாகத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

ஒரு காலை, மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். சென்னையில் அப்போது சாயங்காலம், கடையில் கூட்டம் இருக்கும். முதலில் எழுதியதில் மூன்று ஜோக் இருந்தது. ஒன்று கரும்பைப் பற்றி. அடித்தேன். அடுத்ததில், நான் சின்ன வயதில் அவனைச் சைக்கிளில் கபாலி கோயில் குளத்தைச் சுற்றி அழைத்துப்போனதெல்லாம் வந்தது. கீழே தள்ளியதும் நான்தான் என்று நினைவு வந்ததால் அதையும் அடித்தேன். மூன்றாவதில் எம்எல்ஏவைப் பற்றிப் பெரிய கட்டுரையே இருந்தது. அவனுக்கு எதற்கு எங்கள் ஊர் எம்எல்ஏ? கல்யாணப் படத்தோடு எதிரி அடித்த நோட்டீஸைத் தானே எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டிய மனிதரை நான் மெச்சிக்கொண்டிருக்கும்போதே, குடும்பக் குழுவில் இரண்டு பெயரை ஒரே அளவு எழுத்தில் போட்டவன் என் தம்பி. அதற்கு எந்தத் தொகுதியும் அவனுக்கு ஓட்டுப் போடவில்லை.

எல்லாவற்றையும் அடித்துவிட்டு இவ்வளவுதான் அனுப்பினேன்:

"குமரா, அம்மா ஆஸ்பத்திரி பேப்பரைப் பாத்துட்டு நான் பேசினது தப்பு. பொடவை விஷயத்துல சிரிச்சதும் தப்பு. செல்வத்துகிட்டயும் சொல்லு. பால் காய்ச்சறதுக்குத் துணி நான்தான் எடுக்கணும். நான் வரலாம்னா, உங்க ரெண்டு பேருக்கும் இன்னா எடுக்கட்டும்?"

இரண்டு நீலக் கோடு விழுந்தது. 'எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. வாங்க வந்த தக்காளி மறந்துபோயிற்று. பக்கத்துக் காரில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. நான் பதிலுக்கு நீட்டக்கூட இல்லை, அவ்வளவு பயம்.

போன் ஒரு தடவை அதிர்ந்தது.

"ரெண்டு வேட்டி, ஒரே கரை."